களைத்த தசையும் பிடித்துவிடும் கையும்

இவ்வாரம் என் மேசைக்கு வந்து சேர்ந்த கடிதங்களுள் ஒன்று என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. எழுதியவர் வன்னிப் பகுதியைச் சேர்ந்த ஒரு தாயார். அவருடைய மூத்த மகனுக்குப் பதினாறு வயது. ஐயாயிரம் மீற்றர் ஓட்டத்திலே மாகாண மட்டப் போட்டிக்குத் தெரிவாகியிருக்கிறான். நாளாந்தம் இருவேளை ஓடுகிறான்.

"படுக்கைக்குப் போகும்போது தொடையும் கெண்டைக்காலும் உளைகிறது என்று சொல்லுகிறான். நான் நல்லெண்ணெயைச் சூடாக்கிப் பிடித்துவிடுகிறேன். அவனுடைய சிநேகிதர்களோ, இதற்கென்று பயின்ற ஒருவரிடம் வாரம் இருமுறை போய் மசாஜ் செய்தாற்றான் தசையிலுள்ள கழிவு நீங்கும், இல்லாவிட்டால் மற்றவர்களோடு ஓடி வெல்ல முடியாது என்கிறார்களாம். ஒரு முறைக்குக் கேட்கும் பணம் என் கணவருடைய இரண்டு நாட்கூலி. கடன் பட்டாவது அனுப்ப வேண்டுமா? ஆசிரியர் ஐயா சொல்லுகிறபடி செய்கிறேன்" என்பது கடிதத்தின் சாரம்.

அடியிலே, பிறகு நினைவு வந்தவர் போல, இன்னொரு வரியும் எழுதியிருந்தார். "காலை நாலரைக்கு எழும்புகிறான். பாடசாலை, பயிற்சி, ரியூசன் எல்லாம் முடிந்து படுக்க இரவு பதினொன்றரை ஆகிறது." இந்த வரியை வாசகர்கள் மனத்திலே வைத்துக்கொள்ள வேண்டும். இறுதியில் இதற்கே திரும்பி வருவோம்.

விடை கூறுமுன் நான் செய்த பிழையொன்றை ஒப்புக்கொள்ள வேண்டியவனாகிறேன். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு, நான் கற்பித்த கல்லூரியின் உதைபந்தாட்ட அணிக்குப் பொறுப்பாசிரியனாக இருந்தேன். ஒருநாட் பயிற்சியின்போது, ஒரு பையனுடைய முழங்கால் மற்றொருவனின் தொடையிலே பலமாக மோதிவிட்டது. அடிபட்டவன் நல்ல ஆட்டக்காரன். பத்து நாளில் முக்கியமான போட்டி. தொடை சற்றே வீங்கியிருந்தது. "சேர், பிடிச்சு விட்டாச் சரியாப் போயிடும்" என்றான். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. அலுமாரியில் இருந்த தைலத்தை ஊற்றி, இரண்டு பெருவிரல்களாலும் அழுத்தி உருவினேன். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். "கொஞ்சம் பொறு தம்பி, கட்டி கலையுது" என்று சொல்லிக்கொண்டே உருவினேன். மறுநாளும் அவ்வாறே செய்தேன். அதற்கு மறுநாளும் செய்தேன்.

நான்கு வாரம் சென்றும் அவனுடைய முழங்கால் முழுதாக மடங்கவில்லை. தொடையினுள்ளே கல்லைப் போல ஒன்று கைக்குத் தட்டுப்பட்டது. வைத்தியசாலையில் எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தபோது, தசையினுள்ளே எலும்பு படரத் தொடங்கியிருப்பது தெரிந்தது. வைத்தியர் படத்தை வெளிச்சத்திலே பிடித்துப் பார்த்துவிட்டு, "அடிபட்ட கையோட ஆராவது இதை உருவினவையோ?" என்று வினவினார். பையன் என்னைப் பார்த்தான், வாய் திறக்கவில்லை. "நான்தான் டொக்டர்" என்றேன்.

அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அடி விழுந்த தசையினுள்ளே இரத்தம் கசியும் என்றும், அது அடங்குமுன்னர் அழுத்தித் தேய்த்தால் கசிவு பெருகும் என்றும், அத்தகைய இடத்திலே சில வேளைகளில் எலும்பு வளர்ந்துவிடும் என்றும் விளக்கினார். அடியின் பலத்தினாலேயே இவ்வாறு நேர்வதும் உண்டு எனினும், உருவுதல் அந்த ஆபத்தைக் கூட்டும் என்றார். அவ்வாண்டு முழுவதும் அந்தப் பையன் பந்தைத் தொடவில்லை. மாதங்கள் செல்லச் செல்லக் கட்டி சுருங்கிற்று, காலும் தேறிற்று. இன்று அவன் இரு குழந்தைகளுக்குத் தந்தை. வழியிற் கண்டால், "சேர், தைலம் இருக்கோ?" என்று கேட்டுச் சிரிப்பான். எனக்கு அந்தச் சிரிப்பிற் கலந்துகொள்ள இன்னும் இயலவில்லை. அன்று தொடக்கம் இவ்விடயத்தைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் தேடி வாசித்து வருகிறேன். வாசித்ததன் பயனை அந்தத் தாயாருக்கும், அவரைப் போன்ற பிறருக்கும் கூறுவது என் கடமையாகும்.

விளையாடுவோரின் உடலைப் பிடித்துவிடும் வழக்கம் மிகப் பழையது. பண்டைக் கிரேக்கரின் அப்பியாசக் கூடங்களிலே மல்லர்களுக்கு எண்ணெய் பூசித் தேய்ப்பதற்கென்றே ஆட்கள் இருந்தனர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலே பெர்கமம் நகரத்து வாள்வீரர்களுக்கு வைத்தியராக இருந்த கலென் என்பார், அப்பியாசத்துக்கு முன்னர்த் தேய்க்கும் முறை இது, பின்னர்த் தேய்க்கும் முறை இது என்று வகுத்து எழுதினார். நமது சித்த வைத்தியத்திலே புறமருத்துவ முறைகள் முப்பத்திரண்டு என்பர். அவற்றுள் ஒன்றாகிய தொக்கணத்தை தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பதாகப் பிரித்துள்ளனர். கேரளத்துக் களரிகளிலே உழிச்சில் இன்றும் பயிற்சியின் ஓர் அங்கமாகும். இன்று உலகமெங்கும் 'சுவீடிஷ் மசாஜ்' என வழங்கும் முறைக்கு, சுவீடன் தேசத்து லிங் என்பவரே கர்த்தா என்று பலர் கருதுவர். ஆயினும் உருவுதல், பிசைதல், அழுத்தித் தேய்த்தல், தட்டுதல் என்ற ஒழுங்கை அமைத்தவர் ஒல்லாந்து வைத்தியர் மெற்ஸ்கர் (1838–1909) என்பதே ஆராய்ந்தோர் முடிபு.

இவ்வளவு தேசங்களிலும் இத்தனை காலமாக நிலைத்த ஒரு வழக்கத்திலே யாதொரு பயனும் இல்லாமற் போகுமா? பயன் உண்டு. அந்தப் பயன் யாது என்பதிலேதான் நாம் தவறிவிடுகிறோம். இதனை விளக்க எனக்கு மிகவும் பிடித்த ஒரு வரலாற்றைச் சொல்லுகிறேன்.

இத்தாலியின் வடபகுதியிலே நோவி லிகுரே என்றோர் ஊர் உண்டு. 1930களில் அவ்வூர் இறைச்சிக் கடையொன்றிலே ஒரு மெலிந்த சிறுவன் வேலை செய்தான். வாங்குவோர் வீடுகளுக்குச் சைக்கிளிற் சென்று பொதிகளைக் கொடுத்து வருவது அவன் தொழில். அதே ஊரிலே பியாஜோ கவன்னா என்பவர் வசித்தார். முன்னர் குத்துச்சண்டை வீரர். பின்னர்ச் சைக்கிளோட்ட வீரர்களுக்கு உடல் பிடித்துவிடுவதையே தொழிலாகக் கொண்டவர். அக்காலத்து இத்தாலியின் பெரும் ஓட்டவீரர் ஜிரார்தெங்கோவுக்குப் பிடித்துவிட்டவரும் இவரே. இடையிலே அவர் இரு கண்களின் பார்வையையும் இழந்தார். தொழிலை மட்டும் விடவில்லை. தம்மிடம் வரும் இளைஞரின் தொடையையும் மார்பையும் முதுகையும் கையாலே தடவிப் பார்த்து, இவன் ஓடுவான், இவன் ஓடான் என்று சொல்லுவார். இறைச்சிக் கடைச் சிறுவனையும் அவ்வாறே தடவிப் பார்த்தார். தம் மாணவனாக ஏற்றுக்கொண்டார்.

அந்தச் சிறுவனே பௌஸ்தோ கொப்பி. 1940 ஆம் ஆண்டிலே தன் இருபதாவது வயதில் இத்தாலியச் சுற்றோட்டத்தை வென்றான். 1949 இல் இத்தாலியச் சுற்றையும் பிரான்சுச் சுற்றையும் ஒரே ஆண்டில் வென்ற முதல் வீரன் என்ற புகழைப் பெற்றான். அவ்வாண்டு யூன் 10 ஆந் திகதி, குனேயோவிலிருந்து பினெரோலோ வரையிலான மலைவழியிலே, ஐந்து கணவாய்களைக் கடந்து 192 கிலோமீற்றர் தூரம் தன்னந்தனியாக முன்னோடிச் சென்று வென்றது இன்றும் பேசப்படுகிறது. அது ஏறத்தாழ யாழ்ப்பாணத்திலிருந்து அநுராதபுரம் வரையுள்ள தூரமாகும். பிரான்சுச் சுற்றோ அவ்வாண்டு ஏறத்தாழ 4,800 கிலோமீற்றர். இத்தகைய ஓட்டங்களிலே இன்று களைத்தவன் நாளையும் ஓட வேண்டும்; நாளை மறுநாளும் ஓட வேண்டும். ஆகவேதான் மாலைதோறும் ஓட்டவீரனை மேசையிற் கிடத்திப் பிடித்துவிடும் வழக்கம் அங்கே நிலைபெற்றது. இன்றும் ஒவ்வொரு குழுவிலும் அதற்கென ஆட்கள் இருக்கின்றனர். பிரெஞ்சு மொழியிலே அவர்களுக்கு வழங்கும் பெயரின் பொருள் 'பேணுபவர்' என்பது.

கவன்னா கொப்பிக்குச் செய்தது யாது? கை வேலை மாத்திரமன்று. எப்போது உறங்குவது, எப்போது எழுவது, எதை உண்பது, எவ்வளவு தூரம் ஓடுவது என்பனவற்றையெல்லாம் அவரே விதித்தார். இந்த ஒழுங்குகள் சரியாக நடக்கின்றனவா என்பதை அறிவதற்கு அவருடைய விரல்கள் உதவின. எந்த இடம் இறுகியிருக்கிறது, எந்த இடத்தைத் தொட்டாற் பையன் துள்ளுகிறான் என்பவற்றைக் கண் இல்லாதவர் கையாலே வாசித்தார். அந்தக் கை மருந்தாக இருந்ததைக் காட்டிலும் காவலாக இருந்தது என்றே நான் கொள்ளுகிறேன். விஞ்ஞானிகள் பின்னாளிற் கண்டவையும் பெரும்பாலும் இக்கருத்துக்கு இசைவானவையே.

இனித் தசைக்கு வருவோம். அந்தத் தாயாரின் மகனுக்கு நண்பர்கள் சொன்ன 'கழிவு' என்பது இலக்ரிக் அமிலத்தையே குறிக்கும். கடுமையாக ஓடும்போது தசையிலே இது பெருகுகிறது. 1922 ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பெற்ற ஹில், மயர்ஹோஃப் என்போரின் ஆராய்ச்சிகளால் இதன் பெயர் உலகெங்கும் பரவிற்று. களைப்புக்கும் நோவுக்கும் இதுவே காரணம், இதைப் பிழிந்து வெளியேற்ற வேண்டும் என்ற எண்ணமும் கூடவே பரவிவிட்டது. உண்மை யாதெனில், இது கழிவன்று. இருதயமும் ஏனைய தசைகளும் இதனை எரிபொருளாகப் பயன்படுத்துகின்றன. ஈரல் இதனை மீண்டும் சர்க்கரையாக மாற்றுகின்றது. ஓட்டம் முடிந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்துள், எவரும் கை வைக்காமலேயே, இரத்தத்தில் இதன் அளவு பழைய நிலைக்கு வந்துவிடும். ஓடி முடித்ததும் உட்காராமற் சிறிது நேரம் மெல்ல நடந்தால் இன்னும் விரைவாகக் குறையும்.

அப்படியாயின் மறுநாள் ஏற்படும் உளைவுக்குக் காரணம் என்ன? சிவனொளிபாதமலைக்குச் சென்று வந்தவர்கள் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை ஏறும்போது மூச்சு வாங்குகிறது. ஆயினும் கால் அவ்வளவாக நோவதில்லை. இறங்கி வீடு சேர்ந்த மறுநாட்காலையிலேதான் தொடையைத் தொட முடியாமல் இருக்கும். இரண்டாம் நாள் அதனினும் மோசம். ஏறும்போது தொடையின் முன்புறத் தசை சுருங்கி உடலை உயர்த்துகிறது. இறங்கும்போதோ அதே தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. பழக்கமில்லாத தசை இவ்வாறு நீளும்போது, கண்ணுக்குப் புலனாகாத அதன் நுண்ணிழைகள் ஆங்காங்கே சிதைகின்றன. உடல் அவற்றைச் செப்பனிடத் தொடங்கும். அதனோடு வீக்கமும் நோவும் தோன்றும். ஒரு நாள் முதல் மூன்று நாள் வரையில் இந்நோவு உச்சத்தை அடைந்து, பின் தானாகவே தணியும். தியோடர் ஹஃப் என்ற அமெரிக்க உடற்றொழிலியலாளர் 1902 ஆம் ஆண்டிலேயே, மறுநாள் தோன்றும் நோவுக்குத் தசையினுள் ஏற்படும் சிதைவுகளே காரணமாகலாம் என்று எழுதிவிட்டார். தேர்த்திருவிழாவிலே வடம் பிடித்தவர்கள் அடுத்த நாள் கையை உயர்த்த முடியாமல் இருப்பதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

இதிலே வியக்கத்தக்கது ஒன்றுண்டு. ஒரு முறை இவ்வாறு சிதைந்து தேறிய தசை, சில வாரங்களுக்குள் அதே வேலையை மீண்டும் செய்தால் அவ்வளவு சிதைவதில்லை. பயிற்சி என்பதே இந்தச் சிதைவும் தேறுதலுமாகும். ஆதலால் தேறுவதற்கு இடங்கொடாத பயிற்சி பயிற்சியாகாது.

பிடித்துவிடும் கை இந்தத் தேறுதலுக்கு எவ்வளவு துணை செய்கிறது என்பதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கனடாவின் குயீன்ஸ் பல்கலைக்கழகத்தார் 2010 இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலே, கைப்பிடியை இறுக்கிக் களைத்த முன்கையைப் பிடித்துவிட்டபோது இரத்த ஓட்டம் பெருகவில்லை. அழுத்தும் வேளையிலே தடைப்பட்டது. இலக்ரிக் அமிலமும் விரைந்து நீங்கவில்லை, தாமதித்தே நீங்கிற்று. அதே நாட்டின் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தார் 2012 இல் பதினொரு இளைஞர்களைக் களைக்கும்வரை சைக்கிள் மிதிக்கச் செய்து, ஒரு காலை மட்டும் பத்து நிமிடம் பிடித்துவிட்டு, இரு கால்களிலுமிருந்து தசைத்துணுக்கை எடுத்து ஒப்பிட்டனர். அங்கும் அமிலத்தின் அளவில் வேற்றுமை காணப்படவில்லை. ஆயினும் பிடித்துவிட்ட காலிலே அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகள் குறைந்திருந்தன. கலங்களுக்குச் சக்தி அளிக்கும் இழைமணிகளைப் பெருக்கும் சமிக்ஞைகள் கூடியிருந்தன. 2021 இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தார் காயமுற்ற எலிகளின் கால்களை இயந்திரத்தால் ஒழுங்காக அழுத்தி வந்தபோது தசை விரைந்து வளர்ந்ததைக் கண்டனர். எலியிற் கண்டதை மனிதர்மேல் ஏற்றிச் சொல்ல இன்னும் காலம் வரவில்லை.

தனித்தனி ஆராய்ச்சிகளை விட அவற்றைத் திரட்டிப் பார்ப்பது நன்று. 2018 இல் பிரான்சு நாட்டு ஆராய்ச்சியாளர் 99 ஆராய்ச்சிகளைத் திரட்டி, குளிர்நீர், இறுக்கமான உடை முதலிய பல உபாயங்களோடு ஒப்பிட்டபோது, உளைவையும் களைப்புணர்ச்சியையும் குறைப்பதிலே மசாஜே முன்னிற்கக் கண்டனர். 2020 இல் இங்கிலாந்தின் ஷெபீல்ட் ஆராய்ச்சியாளர் 1,012 பேர் பங்குபற்றிய 29 ஆராய்ச்சிகளைத் திரட்டினர். பிடித்துவிடுதலால் வலிமை கூடியதாகவோ, பாய்ச்சல் உயர்ந்ததாகவோ, ஓட்டம் விரைந்ததாகவோ, தாங்கும் ஆற்றல் மிகுந்ததாகவோ சான்று கிடைக்கவில்லை. மறுநாள் உளைவு சிறிதளவு குறைந்தது. உடலின் வளைவு சிறிதளவு கூடியது. அவ்வளவே.

ஆகவே, 'மசாஜ் இல்லாமல் வெல்ல முடியாது' என்பது பொய். 'மசாஜால் ஒன்றும் இல்லை' என்பதும் பொய். உளைகின்ற கால் சிறிது இலகுவாவதும், இறுகிய உடல் தளர்வதும், அந்தத் தளர்ச்சியோடு உறக்கம் வருவதும் சிறிய நன்மைகளல்ல. ஓடிக் களைத்த பிள்ளைக்கு, தன் காலைத் தாயோ தகப்பனோ கையில் எடுத்துப் பார்க்கிறார் என்ற எண்ணமே ஓர் ஆறுதல். அந்த அளவுக்கு, கையின் பயன் மெய்யானது.

இனி, வீட்டிலே செய்யக்கூடியதைச் சொல்லுகிறேன். ஓடி முடிந்ததும் பத்து நிமிடம் மெல்ல நடக்கட்டும். குளித்து, உண்டு, சற்று ஆறியபின், நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ சிறிதளவு பூசி, பாதத்திலிருந்து மேல்நோக்கி உள்ளங்கையால் நீள உருவுக. பின் தசையை மாவு பிசைவது போல மெல்லப் பிசைக. எலும்பின்மீதும் முழங்காலின் பின்புறக் குழியிலும் அழுத்தலாகாது. காலுக்குப் பத்து நிமிடம் போதும். பிள்ளை முகஞ்சுளித்தால் அழுத்தம் மிகுந்துவிட்டது என்பது பொருள். 'நொந்தாற்றான் குணமாகும்' என்ற நம்பிக்கையினாலேயே நான் அந்தப் பையனைக் கெடுத்தேன். எரிச்சலும் குளிர்ச்சியும் தரும் தைலங்கள் தோலிலே உணர்ச்சியை மாற்றி நோவை மறக்கச் செய்வன. சிதைந்த தசையை அவை செப்பனிடுவதில்லை. இப்பொழுது கடைகளில் விற்கும் துப்பாக்கி வடிவான அதிரும் கருவிகளையும், பெருவிலை கொடுத்து அவசரமாக வாங்க வேண்டியதில்லை.

கை வைக்கக்கூடாத இடங்களை அறிவது இதனினும் முக்கியமாகும். புதிதாக அடிபட்டு வீங்கிய தசையை முதல் இரண்டு மூன்று நாள்களுக்கு உருவலாகாது. ஓய்வும், துணியிற் சுற்றிய ஐஸ்கட்டியும், அளவான கட்டுமே போதும். ஓடும்போது 'சடார்' என்று தசை பிய்ந்தது போல உணர்ந்தால் வைத்தியரிடமே செல்ல வேண்டும். ஒரு கால் மட்டும் காரணமின்றி வீங்கி, சூடாகி, கெண்டையில் நோவு இருந்தால் அது இரத்தக் கட்டியாக இருக்கலாம். அதைத் தேய்ப்பது உயிருக்கே ஆபத்தாகும். கடும் பயிற்சியின் பின் சிறுநீர் வெறுந்தேநீர் நிறத்திற் போனால் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்; சிதைந்த தசையின் பொருள்கள் சிறுநீரகத்தைத் தாக்குவதன் அறிகுறி அது. காய்ச்சலோடு உடல் உளைந்தால், நம் நாட்டிலே முதலில் டெங்கை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயைத் தேடாமல் இரத்தப் பரிசோதனையைத் தேடுங்கள். அவ்வேளையில் அஸ்பிரின், இபுபுரோஃபென் போன்ற நோவு மாத்திரைகளையும் கொடுக்கலாகாது.

பெற்றோர் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. அதைச் சொல்ல நாவு கூசினாலும் சொல்லியாக வேண்டும். பிள்ளையை வெளியாரிடம் பிடித்துவிட அனுப்பினால், தாயோ தகப்பனோ நம்பிக்கையான ஒருவரோ அந்த அறையிலேயே இருக்க வேண்டும். அமெரிக்காவிலே ஜிம்னாஸ்டிக் அணியின் வைத்தியராக இருந்த ஒருவர், சிகிச்சை என்ற பெயராற் பல ஆண்டுகள் சிறுமியருக்குக் கொடுமை இழைத்தமைக்காக 2018 இல் நாற்பது முதல் நூற்றெழுபத்தைந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை பெற்றார். புகழும் பட்டமும் உடையவர் என்பதற்காகக் கதவைச் சாத்த விடலாகாது. நேர்மையானவர் எவரும் பெற்றோர் உடனிருப்பதை வெறுக்கமாட்டார்.

இப்பொழுது அந்தக் கடிதத்தின் கடைசி வரிக்கு வருவோம். நாலரைக்கு எழுந்து பதினொன்றரைக்குப் படுக்கும் பிள்ளை உறங்குவது ஐந்து மணி நேரம். பதின்மூன்று முதல் பதினெட்டு வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் வேண்டுமென்பது உறக்கத்தை ஆராய்ந்த வைத்தியர்களின் முடிபு. ஆழ்ந்த உறக்கத்திலேதான் வளர்ச்சிக்குரிய ஓமோன் மிகுதியாகச் சுரக்கிறது. உடலின் திருத்த வேலைகளுக்கு ஏற்ற காலமும் அதுவே. இரவில் மூன்று மணி நேரத்தைத் திருடிவிட்டு, வாரம் இருமுறை பணம் கொடுத்து அதை ஈடுசெய்ய முயல்வது, அடி ஓட்டையான குடத்துக்கு விளிம்பிலே பூசுவதை ஒக்கும்.

அந்த மூன்று மணி நேரத்தைத் திருடியவர் யார்? பயிற்றுநர் காலையைக் கேட்கிறார். பாடசாலை பகலைக் கேட்கிறது. ரியூசன் இரவைக் கேட்கிறது. ஒவ்வொருவரும் தத்தம் பங்கு நியாயமானதென்றே எண்ணுகிறோம். பிள்ளையின் முழு நாளையும் ஒருங்கே கூட்டிப் பார்ப்பவர் எவருமில்லை. ஆசிரியர்களாகிய நாமும் இக்குற்றத்திலே பங்காளிகள். என் வகுப்பிலே முதற்பாடத்திற் கண்ணயரும் பிள்ளைகளை எழுப்பி நிறுத்தியிருக்கிறேனேயன்றி, நேற்றிரவு எப்பொழுது படுத்தாய் என்று வினவியது மிகச் சிலவேளைகளிலேயே. கவன்னா கொப்பிக்கு விதித்தவற்றுள் நேரத்தோடு உறங்குவதும் ஒன்று என்பதை நினைத்துப் பாருங்கள். பார்வையற்ற அவர் கூட்டிப் பார்த்ததை, பார்வையுள்ள நாம் பார்க்கத் தவறுகிறோம்.

அம்மா, உங்கள் வினாவுக்கு விடை இதுவே. கடன் பட வேண்டாம். இரண்டு நாட்கூலியை முட்டைக்கும் மீனுக்கும் பயறுக்கும் செலவிடுங்கள். பயிற்றுநரை நேரிற் கண்டு, வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வும், கடும் ஓட்டத்துக்கு அடுத்த நாள் மெல்லோட்டமும் கேளுங்கள். நல்ல பயிற்றுநர் மறுக்கமாட்டார். போட்டி முடியும்வரை இரவு ரியூசன்களுள் ஒன்றையாவது குறைத்து, ஒன்பது மணிக்குமுன் மகனைப் படுக்க வைக்க வழி தேடுங்கள். படிப்புக் கெட்டுவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். உறங்கிய மூளைக்கு ஒரு மணி நேரத்திற் பதிவது, உறங்காத மூளைக்கு இரண்டு மணி நேரத்திலும் பதிவதில்லை என்பதை என் வகுப்பறையிலேயே கண்டிருக்கிறேன்.

நல்லெண்ணெய் சூடாக்கிப் பிடித்துவிடுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். பத்து நிமிடம் போதும். பிடித்துவிடும்போது எங்கே நோகிறது, நேற்றையிலும் கூடவா குறைவா என்று கேளுங்கள். ஒரே இடம் நாளுக்கு நாள் கூடுதலாக நொந்தால், குறிப்பாக எலும்பின்மேல் ஒரு புள்ளியில் நொந்தால், ஓட்டத்தை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள். பிறகு விளக்கை அணைத்துவிடுங்கள்.